ஐந்துக்குக் கீழே

சல்லடைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரசவ வார்டு வராந்தாவில் வரிசையாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்து வேறொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அதுவும் சரிப்படவில்லை.

"ஒரு இடத்துல உக்காரேன்டி. உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் அம்மா.

"நான் எங்கம்மா நடந்தேன்? நின்னுட்டுதானே இருக்கேன்" என்று நடந்துகொண்டே சொன்னாள் சல்லடை.

சல்லடை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவள் வேலை பார்க்கிறாள். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் பெர்ல் என்கிற கணினி மொழியில் இரண்டு வரி எழுதிச் சலித்துக் கொடுத்துவிடுவாள். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்க கிரெப், எடுத்ததை வேறொன்றாக மாற்ற மேப், மாற்றியதை வரிசையில் நிறுத்த சார்ட். மூன்றும் அந்த மொழியோடு கூடப் பிறந்தவை, கடன் வாங்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் கோத்துவிட்டால் உலகத்தில் ஆகாத காரியமே இல்லை என்பது அவள் கட்சி.

ஒருமுறை சமையலறையில் வைத்து அம்மாவுக்கே பாடம் எடுத்தாள். "கூடையில இருக்கிற காயில சொத்தையைத் தள்ளிட்டு நல்லதை மட்டும் எடுக்கிறியே, அது கிரெப். எடுத்ததை எல்லாம் நறுக்குறியே, அது மேப். பெரிய துண்டு சின்னத் துண்டுன்னு அடுக்கினா அது சார்ட். அவ்வளவுதாம்மா என் வேலை."

"வாயால மூணும் நல்லாத்தான் ஆவுது. கையால என்னைக்கு ஆவும்?" என்று அம்மா கத்தியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். சல்லடைக்கு உடனே ஆபீஸிலிருந்து அவசர அழைப்பு வந்துவிட்டது.

அதெல்லாம் நல்ல நாளில் பேசிய பேச்சு. இன்றைக்கு உள்ளே படுத்திருப்பவள் அவளுடைய தங்கை. முதல் பிரசவம். நச்சுக்கொடி இறங்கி வந்து கர்ப்பப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும், ரத்தம் நிறையப் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். அதற்கும் தயாராகத்தான் வந்தார்கள். சிக்கல் என்னவென்றால் தங்கையின் ரத்தம் ஓ நெகட்டிவ். எல்லோருக்கும் கொடுக்கலாம், ஆனால் தன் இனத்தைத் தவிர யாரிடமும் வாங்கிக்கொள்ளாது. வீட்டில் வேறு யாருக்கும் அந்த வகை இல்லை. அம்மாவுக்கு இல்லை, சல்லடைக்கு இல்லை, தங்கை புருஷனுக்கும் இல்லை.

"ரெண்டு பை ரத்தம் கீழேர்ந்து வரட்டும். அது கையில இருந்தாத்தான் நான் கத்தியை எடுப்பேன்" என்று காலையில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கீழே ரத்த வங்கியிலும், வெளியே இருக்கும் அதன் கிளைகளிலும் ஓ நெகட்டிவ் ஒரு பைகூட இல்லை. ஆனாலும் அந்த வராந்தாவில் யாரும் பதறவில்லை. காரணம் சல்லடைதான். "எதுக்குப் பயப்படுறீங்க? தினமும் காலையில என் ப்ரோக்ராம் ஓடும். எந்த வகை ரத்தம் அஞ்சு பைக்குக் கீழே போனாலும் அந்த வகைக்காரங்க அத்தனை பேருக்கும் மெசேஜ் போயிடும். இந்நேரம் யாராவது கிளம்பி வந்துட்டிருப்பாங்க" என்று எல்லோருக்கும் அவள்தான் தைரியம் சொல்லியிருந்தாள். அம்மா அதைப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் இன்னும் கொஞ்சம் ஊதி, "எங்க பெரியவ ஒரு மெசேஜ் போட்டா ஊரே திரண்டு வரும்" என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஊர் திரளவில்லை. தங்கை புருஷன் மாடிப்படி முனையில் நின்று வருகிற போகிற முகங்களை எல்லாம் ரத்தம் கொடுக்க வந்தவர்களாக இருக்குமோ என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் பிளாஸ்க்கோடு வந்தார். ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். ஒரு அம்மாள் வழி தெரியாமல் வந்து எக்ஸ்ரே எடுக்கிற இடம் எது என்று அவனிடமே கேட்டாள்.

"அக்கா, யாரும் வரலியே" என்றான் அவன். அவளை அவன் அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"வருவாங்க தம்பி. வேலை வெட்டியை விட்டுட்டு வரணும்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளும் மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "இரு, நான் கீழே போய்ப் பாத்துட்டு வரேன்."

ரத்த வங்கியில் டெக்னீஷியன் ஒரு பையை வெளிச்சத்தில் பிடித்து ஒட்டிய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சலித்துக்கொண்டே செய்வார். ரத்தம் கேட்டு வந்தாலும் சலிப்பு, கொடுக்க வந்தாலும் சலிப்பு.

"அண்ணே, ஓ நெகட்டிவ் யாராவது வந்தாங்களா?"

"எங்கேம்மா வர்றாங்க? இந்த வாரம் பூரா அந்தத் தட்டு காலியாத்தான் கிடக்கு. நானும் தினமும் காலையில உங்க கம்ப்யூட்டர்ல பூஜ்ஜியம்னு அடிச்சுட்டுதான் இருக்கேன். ஒரு ஈ, காக்கா எட்டிப் பாக்கல. ஜனங்களுக்கு இப்பல்லாம் ஈவு இரக்கம் இல்ல."

சல்லடைக்கு சுருக்கென்று கோபம் வந்தது. தினமும் மெசேஜ் போயும் ஒரு ஆளுக்குக்கூடக் கால் நகரவில்லையா? கொடையாளர் கார்டில் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகத் தெரிகிறது. வா என்றால் வரத் தெரியவில்லை. "யாராவது ஒருத்தர் நம்பரைக் குடுங்கண்ணே. என்னன்னு நானே கேக்கிறேன்" என்று சண்டைக்குப் போகிறவள் மாதிரி போனைக் கையில் எடுத்தாள்.

அவர் கொடுத்த நம்பர் ஒரு தையல்காரருடையது. பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சல்லடை ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும் மெஷின் நின்றது.

"தினமும் மெசேஜ் வருதுல்ல, பாக்க மாட்டீங்களா?" என்று ஆரம்பித்தாள்.

"என்ன மெசேஜும்மா? எனக்கு ஒண்ணும் வரலியே. முன்னாடியெல்லாம் வரும். விடிஞ்சும் விடியாம டிங்குன்னு அடிக்கும், வீட்டுல திட்டுவாங்க. கொஞ்ச நாளாச் சத்தமே இல்ல. ஆஸ்பத்திரியில ரத்தம் நிறைய இருக்குபோல, யாருக்கும் தேவைப்படலபோலன்னு நான் சந்தோஷமா இல்ல இருந்தேன்!"

சல்லடை போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"வேணுமா? வேணும்னா சொல்லுங்க. ஒரு சட்டைக்குக் காலர் மட்டும் வெச்சுட்டு வந்துடுறேன்" என்றார் தையல்காரர்.

"காலர் அப்புறம் வைங்க. உடனே வாங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். போனை வைத்த கையோடு ஓடினாள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் ஓடக் கூடாது, நோயாளிகள் பயப்படுவார்கள் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. அதை அடித்துக் கொடுத்ததே அவள்தான். அதையும் மீறித்தான் ஓடினாள்.

கம்ப்யூட்டர் பிரிவு, துணி துவைக்கும் பிரிவுக்குப் பக்கத்தில் அடித்தளத்தில் இருந்தது. எப்போதும் சோப்பு வாசனையும் ஈரச்சூடும். உட்கார்ந்ததும் அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத் தவிர மற்ற எல்லோரையும். மெசேஜ் அனுப்பும் கம்பெனி கோளாறாக இருக்கும் என்று பார்த்தாள். இல்லை, ஏ பாசிட்டிவ் ஆட்களுக்கு இன்று காலைகூட மெசேஜ் போயிருந்தது. கொடையாளர் பட்டியலிலிருந்து ஓ நெகட்டிவ் ஆட்களை யாராவது அழித்துத் தொலைத்திருப்பார்கள் என்று பார்த்தாள். அத்தனை பேரும் பத்திரமாக இருந்தார்கள், தையல்காரர் உட்பட.

பிறகுதான் தன் வரிகளைத் திறந்தாள். பெர்லில் இப்படிக் கோத்து எழுதியதைக் கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். அடியில் இருப்பு விவரம் உள்ளே போகும். முதலில் கிரெப் குறைவாக உள்ள வகைகளை மட்டும் விடும். அதற்கு மேலே மேப் ஒவ்வொரு வகையையும் அந்த வகைக்காரர்களின் போன் நம்பர்களாக மாற்றும். உச்சியில் சார்ட், ரத்தம் கொடுத்து ரொம்ப நாளானவர்களை முன்னால் நிறுத்தும். அவ்வளவுதான். எத்தனையோ பேரிடம் பெருமையாகக் காட்டிய வரிகள்.

ஒவ்வொரு படியிலும் என்ன வருகிறது என்று திரையில் அடித்துப் பார்த்தாள். சார்ட்டுக்கு ஓ நெகட்டிவ் வந்து சேரவில்லை. மேப்புக்கும் வரவில்லை. கிரெப்புக்குள் போனது, வெளியே வரவில்லை.

போன் அடித்தது. தங்கை புருஷன். "அக்கா, ரத்தம் போக ஆரம்பிச்சிடுச்சு. டாக்டரம்மா உள்ள போயிட்டாங்க. இனிமே காத்திருக்க முடியாதாம். ரத்தம் எங்கேன்னு கேக்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒருத்தர் வந்துட்டிருக்கார்னு சொல்லு. இன்னொருத்தரை நான் வர வைக்கிறேன்னு சொல்லு. போனை வை."

கிரெப்பின் அடைப்புக்குள் இருந்ததைப் பார்த்தாள். $_ && $_ < 5 என்று இருந்தது. அந்தக் கோடும் டாலரும் பெர்லில் இப்போது கையில் எடுத்திருக்கிற பொருளைக் குறிக்கும். கையில் எடுத்ததில் ஏதாவது இருந்தால், அதோடு அது ஐந்துக்குக் கீழே இருந்தால், உள்ளே விடு. அதைத்தான் அவள் எழுதியிருந்தாள். முதல் பாதியைப் போன மாதம்தான் சேர்த்தாள்.

ஏன் சேர்த்தாள் என்பது நன்றாக நினைவிருந்தது. அதற்கு முன்னால் அங்கே ஐந்துக்குக் கீழே என்பது மட்டும்தான் இருந்தது. கிளை ரத்த வங்கிகளில் சில நாள் காலையில் யாரும் எண்ணிக்கையை அடிக்காமல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பெர்லிடம் வெறுமையைக் கொடுத்து ஐந்தோடு ஒப்பிடச் சொன்னால் அது வெறுமையைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளும். பூஜ்ஜியம் ஐந்துக்குக் கீழே. எனவே ஊரெல்லாம் மெசேஜ் பறந்தது. லீவு போட்டுவிட்டு வந்த ஒருவர், ஃப்ரிட்ஜ் நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு மேலாளர் அறையில் போய்க் கத்தினார். "எதுக்கும்மா சும்மா இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வந்து என் கழுத்தை அறுக்கிறீங்க?" என்று டெக்னீஷியனும் சலித்துக்கொண்டார். மேலாளர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

அவள் டீ ஆறுவதற்குள் சரி செய்துவிட்டாள். வெறுமையாக இருந்தால் தள்ளிவிடு என்று முன்னால் ஒரு துண்டைச் செருகினாள். வெறுமையைக் கொடுத்துப் பார்த்தாள், தள்ளியது. நான்கைக் கொடுத்தாள், விட்டது. ஒன்பதைக் கொடுத்தாள், தள்ளியது. முடிந்தது. வீண் மெசேஜ் நின்றது. மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சல்லடைன்னா சல்லடைதான் என்று கைதட்டினார்கள். அவளும் கொஞ்சம் மிதந்தாள், அதை மறைப்பானேன்.

பூஜ்ஜியத்தைக் கொடுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. குறைவதைப் பற்றித்தான் யோசித்தாள், தீர்ந்துபோவதைப் பற்றி யோசிக்கவில்லை. ஏதாவது இருக்கிறதா என்று பெர்லைக் கேட்டால் வெறுமைக்கும் இல்லை என்று சொல்லும், பூஜ்ஜியத்துக்கும் இல்லை என்றுதான் சொல்லும். பெர்ல் கற்றுக்கொள்கிற எவரும் முதல் வாரத்திலேயே படிக்கிற விஷயம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளே இதைச் சொல்லிக் கொடுத்து, "இதுல தடுக்கி விழாதவன் கிடையாது, ஜாக்கிரதை" என்று சிரித்திருக்கிறாள்.

ஆக, நான்கு பை இருந்தபோது அவளுடைய ப்ரோக்ராம் ஊரைக் கூட்டியது. ஒரே ஒரு பை இருந்தபோதும் கூட்டியது. கடைசிப் பையும் தீர்ந்த அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டது. டெக்னீஷியன் ஒவ்வொரு காலையும் பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று அடித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு காலையும் அவளுடைய வரி அதை யாரும் எதுவும் சொல்லாத மாதிரி தூக்கி வெளியே எறிந்துகொண்டே இருந்தது.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சத்தமாகவே திட்டினாள். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

திருத்தும் வேலை ஒன்றுமே இல்லை. ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட இடத்தில், எழுதியிருப்பதன் நீளம் என்ன என்று கேட்டாள். வெறுமைக்கு நீளம் கிடையாது. பூஜ்ஜியத்துக்கு உண்டு, ஓர் எழுத்து. இந்த முறை முதலில் பூஜ்ஜியத்தைக் கொடுத்தாள். விட்டது. ஓட்டினாள். திரையில் ஓ நெகட்டிவ் ஆட்கள் மளமளவென்று இறங்கினார்கள். மெசேஜ் போனது. மெசேஜை நம்பி இனிமேல் உட்கார முடியாது என்று ஒவ்வொரு நம்பராகப் போனிலும் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒருவர் வெளியூரில் இருந்தார். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருத்தி எடுத்தாள், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டதும் "பசங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிட்டா சந்தோஷமாப் போவாங்க, இதோ வரேன்" என்றாள். இன்னொருவர் பஸ் கண்டக்டர், டிப்போவிலிருந்து பேசினார். "அடுத்த வண்டி நம்ம ஆஸ்பத்திரி வழியாத்தான். டிக்கெட் எடுக்காம வரேன்."

வந்தார்கள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கத் தொங்க வந்தார். டீச்சர் புடவையில் சாக்பீஸ் தூளோடு வந்தாள். கண்டக்டர் யூனிஃபார்மோடு வந்து, படுத்த பிறகும் டிக்கெட் பையை விடாமல் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வந்தார்கள். ஈவு இரக்கம் இல்லாத ஜனங்களாம்! கூப்பிட்டால் வருகிறவர்கள்தான். கூப்பிடத்தான் ஆளில்லை.

எடுத்த ரத்தத்தைச் சோதிக்காமல் மேலே அனுப்ப முடியாது. அந்த நேரம் இருக்கிறதே, அதைச் சல்லடை எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. டெக்னீஷியன் மேசைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே நடந்தாள். "ஆச்சாண்ணே? ஆச்சாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் முதல் முறையாகச் சலித்துக்கொள்ளாமல், "இதோம்மா, இதோம்மா" என்றார். மேலே ஆபரேஷன் தொடங்கியாகிவிட்டது. கையில் ரத்தம் இல்லாமலேதான் டாக்டரம்மா கத்தியை எடுத்திருந்தார். வேறு வழியில்லை.

முதல் பை சோதனை முடிந்து வந்ததும் அதை அவளே தூக்கிக்கொண்டு படியேறினாள். லிஃப்ட்டை நம்பும் பொறுமை இல்லை. கதவருகே நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது பையைத் தங்கை புருஷன் கொண்டுபோனான். மூன்றாவதும் போனது. பிறகு எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தபோது டாக்டரம்மாவின் முகத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. "பையன். அழுதுட்டான். உங்க பொண்ணும் தப்பிச்சுட்டா" என்றார். அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். தங்கை புருஷன் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். "நேரத்துக்கு வந்துச்சும்மா. இன்னும் கொஞ்சம் லேட் ஆயிருந்தா நான் கையை விரிச்சிருப்பேன்" என்று டாக்டரம்மா சல்லடையின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "நீ மட்டும் இல்லேன்னா என் பொண்ணு இல்லடி" என்றாள். தங்கை புருஷன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அக்கா போட்ட மெசேஜ்தான். அரை நாழியில ஆளை வர வெச்சாங்க பாருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். பக்கத்து நாற்காலிக்காரிகூட, "நீங்க சொன்ன மாதிரியே ஊரு திரண்டு வந்துடுச்சே" என்றாள். சல்லடை, "இல்ல, இல்ல, அப்படியில்ல" என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அடக்கம் என்று நினைத்து இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள்.

"ஒரு வேலை பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

பாக்கி வேலை இருக்கத்தான் செய்தது. கிளைகள் அனுப்பிய எண்ணிக்கை எல்லாம் அழியாமல் நாள் வாரியாகச் சேமிப்பில் இருந்தன. அவற்றைப் பழைய கிரெப்பிலும் ஓட்டினாள், புதிய கிரெப்பிலும் ஓட்டினாள். புதியது விட்டு, பழையது தள்ளியவை எவை என்று மூன்றாவதாக ஒரு கிரெப் போட்டு எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய வரிதான். ஆனால் ஓட்டும் பொத்தானைத் தொடுவதற்கு விரல் வரவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், மறுபடியும் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு தொட்டாள்.

ஓ நெகட்டிவ் மட்டும் இல்லை. ஏபி நெகட்டிவ்வும் வந்தது. அது அடுத்தடுத்த காலைகளில் பூஜ்ஜியமாக நின்று, பிறகு தற்செயலாக யாரோ வந்து கொடுத்ததில் ஒன்றாகி, ஒன்றானதும் மெசேஜ் பறந்து, தட்டு நிரம்பியிருந்தது.

ரத்த வங்கிக்குப் போனாள். டெக்னீஷியன் சந்தோஷமாக இருந்தார். ஓ நெகட்டிவ் தட்டு நிறைந்திருந்தது. "வாங்க சல்லடை மேடம். பையனாமே! இனிப்பு எங்கே?"

"அண்ணே, போன மாசக் கடைசியில ஏபி நெகட்டிவ் இல்லாம கிடந்துச்சே, அப்ப யாராவது கேட்டு வந்தாங்களா?"

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "வந்தார் ஒருத்தர். பொண்டாட்டிக்கு ஆபரேஷன்னு. பெயிண்டர். கையெல்லாம் பெயிண்ட்டோட அப்படியே ஓடி வந்திருந்தார். இல்லைங்க, மாத்திப் போடக்கூடிய மத்த நெகட்டிவ் பையெல்லாம் வேற ஆபரேஷனுக்கு ஒதுக்கியாச்சு, வெளியில பாருங்கன்னு சொன்னேன். நாலு இடம் அலைஞ்சுட்டு மறுபடியும் வந்தார். அப்பவும் இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் ஆம்புலன்ஸ் வெச்சு வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், என்னாச்சு?"

சல்லடை சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். வெறுமையைத் தள்ளப் போய்ப் பூஜ்ஜியத்தையும் சேர்த்துத் தள்ளியதை, தான் ஒருநாளும் அதைச் சோதித்துப் பார்க்காததை, அவர் அடித்த பூஜ்ஜியம் எதுவும் யாரையும் போய்ச் சேராததை. டெக்னீஷியன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணிடுச்சு. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார் மெதுவாக.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணலண்ணே. நான் சொன்னதைத்தான் அது செஞ்சது. என் தங்கச்சின்னதும் ஓடிப்போய்ப் பாத்தேன். அந்தம்மாவுக்கு அக்கா யாரும் கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்திருக்கல." அவள் கண்ணில் நீர் முட்டியது, குரல் மட்டும் கோபமாகவே வந்தது. "அவர் நம்பர் குடுங்க."

"வேண்டாம்மா. யாருக்கும் தெரியாது. கிளறி என்ன ஆகப் போவுது? நல்ல நாளும் அதுவுமா மேலே போய்ப் புள்ளையைப் பாருங்க."

"நம்பர் குடுங்கண்ணே."

கொடுத்தார். பழைய விண்ணப்பக் கட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

சல்லடை ரத்த வங்கி வாசலுக்கு வந்து, படிக்கட்டுப் பக்கம் நின்று நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. மேலே தங்கை புருஷன் படியிலிருந்து குனிந்து, "அக்கா, முழிச்சுட்டா, உன்னைத்தான் கேக்கிறா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டான். அவனுக்கு இரு என்று கை காட்டினாள்.

"யாருங்க?" என்றது போனில் ஓர் ஆண் குரல்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேங்க. ரத்த வங்கி. போன மாசம் ஏபி நெகட்டிவ் கேட்டு வந்திருந்தீங்க."

அந்தப் பக்கம் ஏதோ தகர டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கெடச்சிருச்சாம்மா?" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. "இப்பவா கூப்பிடுறீங்க? அவ போற வழியிலேயே போயிட்டாளேம்மா."

சல்லடை கையிலிருந்த தாளின் பச்சைப் பெயிண்ட்டைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. நீங்களாவது ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டீங்களே. அந்த ரத்தத்தை வேற யாருக்காவது குடுங்க" என்று அவர் போனை வைக்கப் போனார்.

"வெச்சுடாதீங்க" என்றாள் சல்லடை. "உங்க வீடு எங்கேன்னு சொல்லுங்க. நான் நேர்ல வரணும்."

"எதுக்கும்மா?"

அவள் படிக்கட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.